இந்தத் தடவை நான் ஒதுங்கவில்லை, ஏகாம்பரம்

என் அருமை ஏகாம்பரம், தேவலோகத்துப் பட்டறைகளின் தலைமை மேஸ்திரியே, சூரியனின் ஏழு குதிரைத் தேருக்கு ஆயில் மாற்றுகிறவனே, என் ஒரே தங்கையின் ஒரே புருஷனே,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அங்கே இனிமேல் கெடுவதற்கு உடம்பு ஏது?

நீ போய் நாலு வருஷமாக ஒரு வரி எழுதாத மச்சான் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று பார்க்கிறாயா? என் தங்கை தனம் என்னோடு பேசிவிட்டாள். சுவரிடம் இல்லை, தண்ணீர்ப் பானையிடம் இல்லை, என்னிடம், என் முகத்தைப் பார்த்து. அந்தச் சேதியை உன்னிடம் சொல்லாமல் வயிறு உப்பிப் போய்க் கடற்கரையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறேன். கட்டுமரம் இறக்க இடமில்லை என்று வைத்திக்குப்பத்துக்காரர்கள் நேற்றுகூட வந்து முறையிட்டுவிட்டுப் போனார்கள்.

இந்தக் கடிதத்தை மூடி ஒட்டப்போவதில்லை. ஊர் கூடிப் பேசின பேச்சுக்கு ஊர் கூடிப் படிக்கிற பதில்தான் பொருத்தம்.

முதலில், உன்னை "நீ" என்று எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். மில்லில் நீயும் நானும் ஒரே மிஷின் பக்கத்தில் நின்று, ஒரே பொட்டலத்துக் கடலையைப் பிய்த்துத் தின்ற காலத்தில் "டா" போட்டுத்தானே பேசினோம். என் தங்கை கழுத்தில் நீ தாலி கட்டி முடித்தாய். கட்டின கையின் ஈரம் காய்வதற்குள் எங்கள் அம்மா என் காதைத் திருகினாள். "இனிமே அவரு மாப்ள. வாங்க போங்கன்னு சொல்லு. எதுர்ல வந்தா ஒதுங்கி நில்லு." அன்றைக்கு ஒதுங்க ஆரம்பித்தவன்தான் நான். நீ வாசலில் வந்தால் நான் ஓரம். நீ பந்தியில் உட்கார்ந்தால் நான் பரிமாறுகிற பக்கம். சைக்கிளில் எதிரே வந்தால் நான் சாக்கடைக்குள். உனக்கே கூச்சமாக இருந்தது. "ஏன்டா இப்படி சாவடிக்கிற?" என்று பல்லைக் கடிப்பாய். "வாங்க மாப்ள" என்று நான் மறுபடியும் கும்பிடுவேன். உன்னைச் சீண்டுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு நீ மில்லை விட்டு ரெட்டியார்பாளையத்தில் பட்டறை வைத்தாய். பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறினபோது விட்டுவிட்டுப் போன கார்களில் இரண்டு நம் பக்கம் வந்தன. சின்னதாக, துடியாக இருந்ததை நீ எடுத்துக்கொண்டு, பிரித்து, அறுத்து, பாதி எடையைக் கழற்றிப் போட்டு ரேஸ் கார் ஆக்கினாய். யானைக்கு அக்கா மாதிரி இருந்த கறுப்பு வண்டியை நான் வாங்கினேன். அதற்கு மாலை போட்டு, சீரியல் விளக்குக் கட்டி, பெண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலங்களுக்கு விட்டேன்.

என் வண்டியின் வேகத்தைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. அத்தனையும் பொய், உண்மை இன்னும் மோசம். நாதஸ்வரக்காரர் நின்று எச்சில் துப்பிவிட்டு நடந்து வந்தால் என்னைத் தாண்டிவிடுவார். ஒரு தடவை ஊர்வலம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளைக்கு நரைத்துவிட்டது. ஆனால் ஒன்று, பின்னால் யாராவது ஆரன் அடித்தால் என் கை தானாக ஓரம் கட்டும். அது தொழில்.

அந்தத் தொழில்தான் உன்னைக் கவிழ்த்தது.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய அந்த நாளை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். மெட்ராஸ் தாண்டிச் சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ். உன் வண்டியை என் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். போனால், பழைய கார்ப் பிரிவுக்கு நாலு வண்டிதான் வந்திருக்கிறது, ஐந்து இல்லாவிட்டால் நடத்தமாட்டோம் என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் என் வண்டியைப் பார்த்தேன். முந்தின வாரத்துக் கல்யாணத்துக் காகிதப் பூ இன்னும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "சும்மா சுத்து, போதும்" என்றாய். அப்படித்தான் நான் பந்தய வீரன் ஆனேன். ரேஸ் என்பது வேகவண்டிகள் மட்டும் ஓடுவது என்று நினைப்பவர்கள் கவனிக்கட்டும். நான் இல்லாமல் அன்றைக்கு ரேஸே இல்லை.

நீ முதலில் ஓடினாய். உன் பின்னாலேயே மெட்ராஸ்காரர் ஒருவரின் சிவப்புக் கார். உங்களுக்கு எத்தனையோ சுற்று முடிந்தபோது எனக்கு என்னவோ இரண்டுதான் ஆகியிருந்தது. வளைவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எனக்கு நீலக் கொடியைக் காட்டினான். கண்ணாடியில் பார்த்தேன். யார்? மாப்பிள்ளை! மாப்பிள்ளை வருகிறார், மச்சான் நடுவில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? பிரேக்கை மிதித்தேன், இடது பக்கம் ஒதுங்கினேன், கையை வெளியே நீட்டி "வாங்க மாப்ள, வாங்க" என்று பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி சைகை காட்டினேன்.

நீ அதற்குள் இடது பக்கத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாய், இல்லையா? நான் எங்கே இருந்தேனோ அங்கேயே இருப்பேன் என்று நம்பி, நான் விட்டிருந்த சந்துக்குக் குறி வைத்துவிட்டாய். அந்தச் சந்தை மரியாதையோடு நானே அடைத்தேன். நீ என்மேல் மோதாமல் திருப்பினாய். உன் வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி வைக்கோல் கட்டுகளுக்குள் போய் நின்றது. சிவப்புக் கார் அந்தப் பக்கமாக ஹாயாகப் போயிற்று.

உனக்குக் கீறல்கூட இல்லை. தலையில் வைக்கோலோடு நடந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "ஏன்டா முனுசாமி ஒதுங்குன?"

வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் என் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

பதிலை ஊர் சொல்லிற்று. டீக்கடையில் சொல்லிற்று, சவரக்கடையில் சொல்லிற்று. "மில்லுல ஒண்ணா நின்னவன் பட்டறை மொதலாளி ஆயிட்டான். மச்சானுக்கு வயிறு எரிஞ்சிது. அதான் குறுக்க வந்தான்." தனம் காதுக்குப் போயிற்று. அவள் நம்பினாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குப் போனால் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பானையைப் பார்த்துச் சொல்வாள்: "தாகம்னா குடிக்கட்டும். வழிய மறிச்சிக்கினு ஒக்கார வேணாம்."

அடுத்த வருஷம் உனக்குக் காமாலை வந்தது. கடைசி வரைக்கும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் அந்தக் கேள்வியைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. நான் பொறாமையில் செய்தேன் என்று நீயும் நினைத்துக்கொண்டே போய்விட்டாயா? நாலு வருஷமாக எனக்கு இருந்தது இந்த ஒரே ஒரு பயம்தான். சிரித்துக்கொண்டே இருக்கிறவனுக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது?

இனிமேல் நடப்பு.

உன் மகன் கலியபெருமாளுக்கு இருபத்தைந்து வயது. பட்டறை அவன் கையில். மீசை உன்னுடையது, பிடிவாதம் அவன் அம்மாவுடையது. இரண்டையும் ஒரே முகத்தில் பார்ப்பவர்கள் பாவம். வைக்கோல் கட்டுக்குள் போன உன் வண்டியைத் திரும்ப எழுப்பிவிட்டான். போன மாதம் அதே சோழவரத்துக்குக் கிளம்பினான். இழுத்துப் போக என் வண்டியைக் கேட்டான். தனம் தானும் வருகிறேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மகனைக் காப்பாற்ற வந்தாளா, என்னை வேவு பார்க்க வந்தாளா தெரியாது. வழி முழுக்க ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தாள். அந்த ஜன்னலுக்கு என் குடும்ப வரலாறு முழுவதும் இப்போது மனப்பாடம்.

போனால் என்ன நடந்திருக்கும் என்று நீயே சொல். ஆமாம், நாலு வண்டி. ஐந்தாவது வண்டி வேண்டும்.

"மாமா" என்றான் கலியபெருமாள்.

"வேணாம்டா. நான் செத்தாலும் ஏறமாட்டேன்."

"நீங்க இல்லன்னா ரேஸ் இல்ல மாமா. ஒரு வருஷ வேலை."

நான் தனத்தைப் பார்த்தேன். அவள் இறங்கி வந்து என் வண்டியின் முன்பக்கத்தைத் தட்டி, வண்டியிடம் பேசினாள்: "ஏ வண்டி, நல்லா கேட்டுக்க. அப்பனுக்குப் பண்ணத புள்ளைக்கும் பண்ணேன்னு வையி, இங்கயே வெச்சி கொளுத்திடுவேன்."

"வண்டி சரின்னுது" என்றேன் நான். அவள் திரும்பிக்கொண்டாள்.

கலியபெருமாள் என்னைத் தனியே அழைத்துப்போய்த் தரையில் குச்சியால் வளைவை வரைந்து காட்டினான். "மாமா, நீலக் கொடி காட்டுனா ஒதுங்குன்னு அர்த்தம் இல்ல. பின்னாடி ஆள் வருது, தெரிஞ்சிக்கோன்னு அர்த்தம். நீங்க பாட்டுக்குப் போங்க. எந்தப் பக்கம் பூந்து வரணும்னு வர்றவன் பாத்துக்குவான். நான் வந்தாலும் சரி, வேற எவன் வந்தாலும் சரி, கோட்ட வுட்டு நகரக்கூடாது. கல்லு மாதிரி போங்க."

"கல்லு என்னைவிட வேகமாச்சேடா."

"சிரிக்காதீங்க மாமா. கைய ஆட்டக்கூடாது. கும்புடக்கூடாது."

கும்பிடக்கூடாதாம்! ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு இந்தத் தண்டனை.

ரேஸ் தொடங்கிற்று. பார்க்க ஒரு கோடிப் பேர் வந்திருந்தார்கள்; எண்ணத் தெரிந்தவர்கள் சில ஆயிரம் என்பார்கள். உன் மகன் முதலில். அவன் பின்னால் யார் தெரியுமா? அதே மெட்ராஸ்காரர், அதே சிவப்புக் கார். பின்வரிசையில் நானும், தங்கச்சட்டக் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரும். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் வேகம். அதாவது அவர் ஆமை, நான் ஆமையின் ஓடு.

மெதுவாக ஓட்டுகிறவனுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு வசதி உண்டு, ஏகாம்பரம். முழு ரேஸையும் அவன் மட்டும்தான் பார்க்கிறான். எல்லாரும் அவனைத் தாண்டிப் போகிறார்களே! அப்படித்தான் நான் அதைப் பார்த்தேன். எனக்கு முன்னால், தனம் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, டாக்டருக்கு நீலக் கொடி காட்டினார்கள். அவர் கண்ணாடியில் உன் மகனைப் பார்த்தார். நல்ல மனுஷன். படித்தவர், பண்புள்ளவர். பிரேக்கை மிதித்தார். இடது பக்கம் ஒதுங்கினார். கையைக்கூட வெளியே நீட்டினார், ஏகாம்பரம்! கலியபெருமாள் ஏற்கெனவே இடது பக்கம் பாய்ந்துவிட்டிருந்தான். இரண்டு சக்கரம் புல்லில் இறங்கி, வண்டி ஆடி, புழுதி எழுந்தது. பையன் சமாளித்துவிட்டான். ஆனால் சிவப்புக் கார் முன்னால் போய்விட்டது.

அந்தப் புழுதிக்குள் தனத்தின் முகத்தை ஒரு நொடி பார்த்தேன். அவள் மகனைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டாக்டருக்கும் நமக்கும் என்ன பகை? அவர் வயிறு எதற்கு எரியவேண்டும்?

அடுத்த சில சுற்றுகள் கழித்து, பெரிய வளைவுக்குள் நான் நுழைகிற நேரம் எனக்கு நீலக் கொடி. கண்ணாடியில் சிவப்பு. அதன் பின்னால், கொஞ்சம் தள்ளி, உன் மகன். அப்போது என் மனசுக்குள் ஒரு குட்டிச்சாத்தான் எழுந்து உட்கார்ந்தான். "முனுசாமி, கொஞ்சம் வலது பக்கம் சாய். ஒரு சாண். யாருக்குத் தெரியும்? மருமான் ஜெயிப்பான்" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு சாணில் என் பெயர் முழுவதும் இருந்தது. சாய்ந்தால் ஊர் ஐந்து வருஷமாகச் சொன்னது நிஜமாகிவிடும். ஒதுங்கினாலும் ஆபத்து. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, கோட்டிலேயே போனேன்.

நான் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் வேடிக்கை. வளைவுக்குள் என்னைத் தாண்ட இடமில்லாமல் சிவப்புக் கார் என் பின்னால் ஊர்வலத்தில் வருகிற மாதிரி வந்தது. பின்தங்கி வந்த உன் மகன் வளைவு முடிந்து நேர்ப்பாதை திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தான். வேகம் குறையவே இல்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் தாண்டினான். முன்னால் ஓடுகிறவன் என்னை எங்கே வந்து பிடிக்கிறான் என்பதில் இருக்கிறது விதி. நேர்ப்பாதையில் பிடித்தால் நான் ஒரு பெருமூச்சு. வளைவில் பிடித்தால் நான் ஒரு மலை.

இங்கேயே கடிதத்தை முடித்திருந்தால் எவ்வளவு கம்பீரமாக இருந்திருக்கும்! ஆனால் கடைசிச் சுற்று என்று ஒன்று இருக்கிறதே.

அதே வளைவு. மறுபடியும் எனக்கு நீலக் கொடி. கண்ணாடியில் இந்தத் தடவை கலியபெருமாள். ஒட்டி இல்லை, ஆனாலும் பக்கத்தில், சிவப்பு. வழி விடு, உன் தங்கை மகன், உன் மருமான், வழி விடு என்று என் இடது கை துடித்தது. கை என் கை இல்லை, எங்கள் அம்மாவின் கை. அவன் குச்சியால் வரைந்த கோடு கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் வந்தாலும் சரி, வேற எவன் வந்தாலும் சரி. நான் நகரவில்லை. வளைவு முழுக்க உன் மகன் என் பின்னால் மாட்டிக்கொண்டான். சிவப்புக் கார் கொஞ்சம் இடைவெளி விட்டு, வேகம் குறையாமல் வந்து, நேர்ப்பாதை திறந்ததும் எங்களைத் தாண்டிப் பறந்தது.

உன் மகன் இரண்டாவது. இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு வெற்றிலை அகலம். நான் மூன்று சுற்றுப் பின்தங்கி, ஐந்தாவது, மிகுந்த சிறப்போடு.

வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை. இறங்கி எந்த முகத்தோடு நிற்பது? அப்பனையும் தோற்கடித்து, பிள்ளையையும் தோற்கடித்து, அதே வண்டி, அதே வளைவு. தனம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கலியபெருமாள் அவளுக்கு முன்னால் வந்து என் கதவைத் திறந்தான். "கரெக்டா போனீங்க மாமா. அவசரப்பட்டு வளைவுல வந்து மாட்டுனது நான்தான்" என்றான்.

தனம் வந்து நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை.

"ஏண்ணா" என்றாள்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு, ஏகாம்பரம். ஏண்ணா!

"ஏண்ணா, நீ ஒதுங்குனாலும் எங்க வூட்டு ஆளு தோக்குறான், ஒதுங்காட்டியும் தோக்குறான். நீ என்னா பொறப்பு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் இறங்கி நின்று அழுதேன். அந்தக் கண்ணீரில் ஓடுபாதை வழுக்கி, அடுத்த பிரிவு ரேஸை ஒத்திவைத்தார்கள் என்று கேள்வி.

திரும்பி வருகிற வழியில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். திண்டிவனம் தாண்டியதும் சொன்னாள்.

"அவரு அன்னிக்கே சொன்னாருண்ணா. உங்கண்ணன் வேணும்னு பண்ணல, ஊர்வலத்துல ஓட்டுற கை, ஆள் வந்தா ஒதுங்கும், மாப்ளன்னா ரெண்டு மடங்கு ஒதுங்கும்னு சொல்லிச் சிரிச்சாரு. நாந்தான் நம்பல. என் பொறந்த வூட்ட நான் வெறுத்துடக்கூடாதுன்னு பொய் சொல்றாருன்னு நெனைச்சேன். இன்னிக்கி அந்த டாக்டரு கைய நீட்டுனாரு பாரு. அப்பத்தான் பொறி தட்டுச்சி."

"இத ஏன்டி இத்தினி வருஷமா எங்கிட்ட சொல்லல?"

"பேசுனாத்தான சொல்றதுக்கு" என்றாள்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் யாரும் ஆரன் அடிக்கவில்லை. கண் தெரியவில்லை, அதனால்.

சிரித்தாயாமே, ஏகாம்பரம்? நான் நாலு வருஷம் பாறாங்கல்லைத் தலையணையாக வைத்துத் தூங்கினேன், நீ அன்றைக்கே சிரித்து முடித்துவிட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அல்லது நான் கேட்பேன் என்று நீ காத்திருந்தாயா? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று அங்கேயும் ஒதுங்கி நின்றவன் நான்தானே.

போகட்டும். அன்றைக்கு வீட்டில் நண்டுக் குழம்பு. தனம் இலை போட்டு, "ஒக்காருண்ணா" என்றாள். எத்தனை நண்டு சாப்பிட்டேன் என்று கேட்காதே. அடுத்த நாள் குருசுக்குப்பத்துக் கடலில் நண்டுகள் ஊர்வலமாகப் போய்த் துக்கம் கொண்டாடியதாகச் சொல்கிறார்கள். பானை மட்டும் மூலையில் தனியாக இருந்தது. பாவம், அதற்கு இனிமேல் பேச்சுத்துணை இல்லை.

கலியபெருமாள் அடுத்த வருஷத்துக்கு இப்போதே வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டான். ஐந்தாவது வண்டியாக நான்தான் போவேன். ஊர்வலத்தில் ஒதுங்குவேன், ரேஸில் ஒதுங்கமாட்டேன், இரண்டையும் இனிமேல் குழப்பமாட்டேன்.

உனக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். ஒருநாள் நானும் அந்த வழியாக வரவேண்டியவன்தான். அப்போது நீ பின்னால் பறந்து வந்தால் ஒதுங்கமாட்டேன், கும்பிடமாட்டேன், "வாங்க மாப்ள" என்று கையை நீட்டமாட்டேன். கோட்டிலேயே வருவேன், நீ பார்த்துத் தாண்டிக்கொள். ஆனால் எனக்காக இப்போதே வாசலில் வந்து நிற்காதே. தனத்துக்குத் துணை வேண்டும், பையனுக்கு ஐந்தாவது வண்டி வேண்டும். என் வண்டியைப் பற்றி உனக்குத்தான் தெரியுமே. ரொம்ப மெதுவாகத்தான் வருவேன்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி, உன் தனத்தின் அண்ணன், உன்னைவிட எத்தனையோ சுற்றுப் பின்தங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் உன் மச்சான்,
முனுசாமி